கைக்குத் தைத்த பை

மார்கழி பிறந்தால் உங்களுக்கெல்லாம் முழங்கால் பிடித்துக்கொள்கிறது என்று புலம்புகிறீர்கள். எனக்கு உள்ளங்கை உரிகிறது. எண்பதை எட்டிப் பார்க்கிற வயதில் நமக்குள் என்ன ஒளிவு மறைவு? உங்கள் முழங்கால் கதையை எத்தனையோ தடவை கேட்டாயிற்று. இன்றைக்கு என் கையின் கதையைக் கேளுங்கள். சிரிக்க அதில் அதிகம் இல்லை, முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

நோய் என்று சொல்லவும் அதில் ஒன்றும் இல்லை. விரல் நுனியில் கடுகளவு வெள்ளையாக ஒரு புள்ளி எழும்பும். இரண்டு நாளில் அது விரிந்து ஓரம் கிழியும். பிறகு பூண்டுத் தோல் மாதிரி மெலிசாக உரிந்துகொண்டே போகும். அடியில் புதுத் தோல் சிவந்து தெரியும். புளி கரைத்தால் எரியும், சுடுதண்ணீர் பட்டால் எரியும். மூன்று வாரத்தில் தானாகப் போய்விடும். போன வருஷம் பேரன் வேலை பார்க்கும் கம்பெனியின் டாக்டரிடம் காட்டினேன். தூரத்தில் இருந்தே பார்த்துவிட்டு, "ஒண்ணுமில்ல பாட்டி" என்றார். இதே வார்த்தையை என் ஒன்பதாவது வயதிலும் ஒருவர் சொன்னார். எங்கள் வீட்டுக்குத்தான் அந்த வார்த்தை வேண்டியிருக்கவில்லை.

ஐம்பதுகளின் நடுவில் ஒரு கார்த்திகை மாதம். எங்கள் ஊர் ஓசூருக்குப் பக்கத்தில், தென்பெண்ணைக் கரையோரம். இப்போது கெலவரப்பள்ளி அணைத் தண்ணீர் நிற்கிறதே, அந்தப் பக்கம். அப்போது அணையும் கிடையாது, சங்கு ஊதும் கம்பெனியும் கிடையாது. கேழ்வரகும் அவரையும் விளையும் மேட்டு நிலம், கிணற்றை ஒட்டிக் கொஞ்சம் மல்பெரிச் செடி. பாதி ஊர் கன்னடம், கால்வாசி தெலுங்கு, மிச்சம் நாங்கள். பேச்சு எதுவானாலும் எல்லார் வீட்டிலும் பட்டுப்புழு வளர்த்தார்கள்.

புழு வளர்க்கிற வீடு எப்படி இருக்கும் என்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். எங்களுக்கு இருந்தது ஒரே அறை. முட்டை பொரித்த நாளில் இருந்து புழு கூடு கட்டுகிற வரைக்கும், ஒரு மாதம், அந்த அறை புழுவுக்கு. நாங்கள் வெளியே ஓலைப் பந்தலுக்கு அடியில் கோணியைப் போர்த்திக்கொண்டு படுப்போம். ஓசூர்க் குளிர் உங்களுக்குத் தெரியும். புழுவுக்குக் குளிருமே என்று உள்ளே சட்டியில் கரி நெருப்பு இருக்கும், எங்களுக்கு இருக்காது. சமையல் மாட்டுக் கொட்டகையில். தாளிக்கக் கூடாது, மிளகாய் வறுக்கக் கூடாது, கருவாடு என்ற பேச்சே கூடாது. குளிக்காமல் உள்ளே போகக் கூடாது. கையில் எண்ணெயோ மருதாணியோ வாயில் புகையிலையோ ஆகாது. சாவு வீட்டுக்குப் போய்வந்தவர்கள் வாசற்படியைக் கூட மிதிக்கக் கூடாது. வீட்டுக்கு வந்த மாப்பிள்ளைக்குக் கூட எங்கள் ஊரில் அந்த மரியாதை நடந்ததில்லை.

அந்த அறையில் எனக்குத் தனி உரிமை உண்டு. அதற்கு முந்தின தடவை, அப்போதுதான் பொரித்திருந்த புழுவுக்கு முதல் தழையைத் தூவியது நான். அந்தத் தடவை கூடு நன்றாக வந்தது. அன்றில் இருந்து என் கை ராசியான கை ஆகிவிட்டது. எதிர்வீட்டுக் கன்னடத்து அம்மா கூடத் தன் வீட்டுப் புழுவுக்கு முதல் தழை போட என்னைக் கூட்டிக்கொண்டு போவார். திரும்பும்போது கையில் ஒரு வெல்லக் கட்டி இருக்கும். நானும் கொஞ்சம் தலைக்கனத்தோடுதான் திரிந்தேன். பெரிய மூங்கில் தட்டுகள் அடுக்கடுக்காக நிற்கும், சாணம் மெழுகின வாசனையும் பச்சைத் தழை வாசனையும் கலந்து அடிக்கும். தழையைத் தூவிவிட்டு நான் மூச்சு விடாமல் நிற்பேன். முதலில் ஒன்றும் கேட்காது. பிறகு எல்லாப் புழுவும் ஒரே நேரத்தில் தின்ன ஆரம்பிக்கும். அந்தச் சத்தத்துக்காகவே நான் பள்ளிக்கூடத்தில் இருந்து ஓடி வருவேன்.

புழு மூன்றாம் தடவை தோல் உரித்த சமயத்தில் என் கையும் உரிய ஆரம்பித்தது. அம்மா கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"குளுருக்கு வர்றதுதான். புழு கூடு கட்டி முடியட்டும் பாப்பா. அப்பறமா வெளக்கெண்ண தடவிக்கலாம். இப்ப எண்ண வாசம் ஆவாது."

சரி என்றேன். அந்தக் கைக்கு ஒரு சொட்டு எண்ணெய் கிடைக்காமல் போனது புழுவுக்காகத்தான் என்பதை நீங்கள் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். எங்கள் வீட்டில் பிறகு யாரும் ஞாபகம் வைத்துக்கொள்ளவில்லை.

தம்பிக்கு அப்போது பத்து மாதம். அம்மாவுக்கு வேலை ஓயும் வரை அவன் என் இடுப்பில்தான் இருப்பான். என் உள்ளங்கையில் உரிந்து நிற்கும் தோலைப் பிடித்து இழுப்பது அவனுக்கு விளையாட்டு. எனக்கு வலிக்கும், ஆனாலும் இழுக்க விடுவேன். இழுத்துவிட்டு என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பான்.

நாலாவது தோலும் உரித்து, புழுக்கள் அசுரப் பசியில் இருந்த நாட்கள். தழை அறுப்பது அப்பாவின் வேலை. அதற்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. வெயில் ஏறி, பனி காய்ந்த பிறகுதான் தழையைத் தொடவேண்டும். மழை வரும் போல இருந்தால் முந்தின நாளே அறுத்து உள்ளே பரப்பி வைக்கவேண்டும். ஈரத் தழை புழுவுக்கு எமன் என்று அந்த ஊரில் பால் குடிக்கிற குழந்தைக்குக் கூடத் தெரியும். அப்படித் தழை அறுத்து வைக்கவேண்டிய ஒரு நாளில் அப்பா ஓசூர் சந்தைக்கு மாடு பார்க்கப் போய்விட்டார். மாடு வாங்கவில்லை, சும்மா பார்த்துவிட்டு வந்தார். பொழுது சாய்ந்து வந்தவர் தழை அறுக்காமல் படுத்துவிட்டார். விடியும்போது தூறல் பிடித்துக்கொண்டிருந்தது.

அம்மா கிணற்றடிக்குப் போயிருந்தார். அறைக்குள் புழுக்கள் தலையைத் தூக்கித் தூக்கித் தேடின. அப்பா கொஞ்ச நேரம் வாசலில் நின்று வானத்தைப் பார்த்தார். பிறகு அரிவாளை எடுத்துக்கொண்டு போய் ஒரு கட்டுத் தழையோடு நனைந்துகொண்டு வந்தார். கட்டைப் பிரித்து உதறினார். தோளில் இருந்த துண்டால் துடைத்தார். இலை இலையாகத் துடைக்க முடியுமா? துண்டுதான் நனைந்தது.

"சீக்கிரம் தூவு பாப்பா. அம்மாகிட்ட சொல்லாத. இன்னிக்கு ஒரு வேளதான."

அப்பா என்னிடம் ரகசியம் என்று சொன்னது அதுதான் முதல் தடவை. எனக்குப் பெருமையாக இருந்தது. தழையை அள்ளி அள்ளித் தூவினேன். எரிந்துகொண்டிருந்த உள்ளங்கைக்கு அந்த ஈரம் அவ்வளவு இதமாக இருந்தது. கடைசிப் பிடியைத் தூவ மனமில்லாமல் கொஞ்ச நேரம் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டு நின்றேன்.

அஞ்சாம் நாள் காலையில் அம்மா தட்டை இறக்கிப் பார்த்தார். மேல் தட்டில் கொஞ்சம் புழுக்கள் அசையாமல் கிடந்தன. சாயங்காலத்துக்குள் எல்லாத் தட்டிலும் அப்படித்தான். மறுநாள் அவை வெளுத்தன. அதற்கு அடுத்த நாள் விறைத்துப்போய், மேலெல்லாம் வெள்ளைப் பொடி பூத்து, பள்ளிக்கூடத்துச் சாக்பீஸ் துண்டுகளைக் கொட்டி வைத்தது மாதிரிக் கிடந்தன. தட்டைச் சாய்த்தால் சலசல என்று சத்தம் வந்தது. அம்மா தரையில் உட்கார்ந்துவிட்டார். அழவில்லை. அந்த வருஷம் மழை தப்பிக் கேழ்வரகு பதராகிப் போயிருந்தது. புழுதான் எங்களுக்கு அடுத்த வருஷம் வரைக்கும் சாப்பாடு.

வெளியே ஊர் கூடிவிட்டது. புழு செத்தால் எங்கள் ஊரில் கேட்கிற முதல் கேள்வி என்ன நோய் என்பதல்ல, யார் உள்ளே போனார்கள் என்பதுதான். யாருக்குத் தீட்டு, யார் சாவுக்குப் போனார்கள், யார் கருவாடு தின்றார்கள் என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். அம்மா எல்லாவற்றுக்கும் இல்லை இல்லை என்று தலையை ஆட்டினார். நான் கதவோரம் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றேன். எதிர்வீட்டுக் கன்னடத்து அம்மா செத்த புழு ஒன்றை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு என் பக்கம் திரும்பி என் கையைப் பிடித்து விரித்தார்.

"அய்யோ, ஈ ஹுடுகி கை நோடு! ஹுளக்கூ இதே பந்தைதெ!"

இந்தப் பெண் கையைப் பார், புழுவுக்கும் இதுதான் வந்திருக்கிறது என்கிறார். எல்லாரும் பார்த்தார்கள். வெள்ளை வெள்ளையாக உரிந்த கை, வெள்ளை பூத்த புழு. இந்தப் புழுவுக்கு முதல் தழை போட்ட கையும் அதுதான். அதற்கு மேல் யாருக்கும் சாட்சி தேவைப்படவில்லை. வெல்லக் கட்டி வைத்த அதே கையைத்தான் அவர் சட்டென்று விட்டுவிட்டு, முந்தானையில் தன் விரல்களைத் துடைத்துக்கொண்டார்.

நான் அப்பாவைப் பார்த்தேன். அப்பா செத்த புழுக்களைக் கூடையில் வாரிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

அம்மா வந்து தம்பியை என் இடுப்பில் இருந்து எடுத்துக்கொண்டார். "எட்டி நில்லு" என்றார். அன்றைக்கே அப்பாவின் பழைய வேட்டியைக் கிழித்து இரண்டு சின்னப் பைகள் தைத்தார். கையை உள்ளே விட்டு மணிக்கட்டில் நாடாவால் கட்டிவிடலாம். இதில் ஒன்று சொல்லவேண்டும். அந்தப் பைகளை அம்மா அவசரத்தில் தைக்கவில்லை. ஓரத்தை இரண்டு தடவை மடித்து, என் தோலில் உறுத்தாதபடி தையலை வெளிப்பக்கம் விட்டுத் தைத்திருந்தார். மகள் கையை வீட்டுக்கு ஆகாது என்று மூடுகிறவளுக்கு அந்த நேர்த்தி எதற்கு? எழுபது வருஷமாக யோசிக்கிறேன், விளங்கவில்லை.

பையோடு வாழப் பழகினேன். சாப்பிட மட்டும் வலது கைப் பையை அவிழ்க்கலாம், மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் தனியாக. ஒடுக்கு விழுந்த ஒரு தட்டு எனக்கென்று ஆனது. அம்மா களி உருண்டையை முழ உயரத்தில் இருந்து அதில் போடுவார். குழம்பு தெறித்து என் பாவாடையில் விழும். தட்டை நானே சாம்பல் போட்டுக் கழுவவேண்டும். சாம்பல் பட்டுக் கை இன்னும் வெடித்தது. பைக்குள் வியர்த்து, ஆறின இடமே மறுபடியும் உரிந்தது. மூன்று வாரத்தில் போகவேண்டியது போகவே இல்லை. போகாததைப் பார்த்து, பொல்லாத நோய்தான் என்று எல்லாரும் இன்னும் உறுதியாக நம்பினார்கள். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் என்னைக் கதவோரம் தனியாக உட்கார வைத்தார். பலப்பத்தைப் பைக்குள் இருந்து பிடித்து எழுதிப் பார்த்தேன். எழுத்தெல்லாம் கோணிக்கொண்டு போனது. பிறகு நானே போவதை நிறுத்திவிட்டேன், வீட்டில் யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

இதெல்லாம் எனக்குப் பெரிதாகப் படவில்லை. எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். தம்பியைத் தூக்கவேண்டும். அவன் தூளியில் கிடந்து அழுவான், நான் நாலு அடி தள்ளி நின்று பாட்டுப் பாடுவேன். பாட்டு அவனுக்குப் போதவில்லை.

மார்கழிப் பாதியில், அடுத்த புழு முட்டை கொடுப்பதற்கு முன்னால் வீட்டைப் பார்த்துப் போக சர்க்கார் பட்டு ஆபீசர் சைக்கிளில் வந்தார். சேலம் பக்கத்து ஆள், கால்சட்டை போட்டவர். தட்டுகளை முகர்ந்து பார்த்தார், மூலையில் கிடந்த ஒரு வெள்ளைப் புழுவை எடுத்து ஒடித்துப் பார்த்தார்.

"ஈரத் தழை ஏதாச்சும் போட்டீங்களா?"

"இல்லீங்க" என்றார் அப்பா. "பனி காஞ்ச பொறவுதான் நம்மகிட்ட தழை அறுக்கறதுங்க."

நான் வாசற்படிக்கு வெளியே நின்றிருந்தேன். அப்பா என்னைப் பார்த்தார். ஒரு நொடிதான். நான் பைகளைப் பின்னால் மறைத்துக்கொண்டேன். அதற்குள் ஆபீசர் பார்த்துவிட்டார்.

"பாப்பா கைக்கு என்னா?"

"தோல் உரியுதுங்க" என்றார் அம்மா. "அதுல இருந்துதான் புழுவுக்கு ஒட்டிக்கிச்சுன்னு எல்லாரும் சொல்றாங்க."

அவர் குனிந்து, நாடாவை அவிழ்த்து, என் கையை எடுத்துத் தன் கையில் வைத்துக்கொண்டார். கட்டை விரலால் உள்ளங்கையைத் தடவிப் பார்த்தார்.

"ஒண்ணுமில்லம்மா. குளிருக்கு உரியறது. புழுவுக்கு வந்தது வேற, அது ஈரத்துல வர்ற பூஞ்சக்காளான். பாப்பா கையில இருந்து புழுவுக்குப் போகவே போகாது. கையக் கட்டி வெக்காதீங்க, காத்து படட்டும். கொஞ்சம் தேங்கா எண்ண தடவுனாப் போதும்."

இரண்டு பைகளையும் அவிழ்த்துத் தரையில் போட்டுவிட்டு, என் கன்னத்தில் தட்டிவிட்டு, சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். எனக்கு உடம்பெல்லாம் லேசாகிவிட்டது. தம்பி தத்தித் தத்தித் தவழ்ந்துகொண்டிருந்தான். நான் அவன் பக்கம் ஓர் அடி எடுத்து வைத்தேன்.

"ஈரத்துல வர்றதுன்னு சொல்றாரே" என்று அம்மா அப்பாவைக் கேட்டார். "நம்ம வீட்டுக்கு ஈரம் எங்கேர்ந்து வந்துச்சு?"

வாசலில் எதிர்வீட்டு அம்மாவும் இன்னும் இரண்டு பேரும் ஆபீசர் என்ன சொன்னார் என்று கேட்க வந்து நின்றார்கள். அப்பா அவர்களைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார்.

"சைக்கிள்ல வந்து போற ஆளுக்கு என்னா தெரியும்?" என்றார்.

தரையில் கிடந்த பையை எடுத்துத் தூசி தட்டினார். என் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். "கைய நீட்டு."

நான் நீட்டினேன். நீங்கள் கேட்பீர்கள், ஏன் வாயைத் திறக்கவில்லை என்று. சொல்லாதே என்று அப்பா சொல்லியிருந்தார், அது ஒன்று. இன்னொன்றைச் சொல்ல எனக்கு இப்போதும் வெட்கமாக இருக்கிறது. மூன்று வாரத்துக்குப் பிறகு எங்கள் வீட்டு ஆள் ஒருவர் என் கையைத் தொட்டார். முடிச்சு இரண்டு தடவை நழுவியது. மூன்றாவது தடவை இறுகக் கட்டினார். அவர் கட்டிக்கொண்டிருந்த நேரம் முழுவதும் நான் கையை இழுக்கவே இல்லை.

தை மாதத்தில் தம்பி நடக்க ஆரம்பித்தான். சுவரைப் பிடித்து நின்றவன், சுவரை விட்டுவிட்டு என்னைப் பார்த்து வந்தான். மூன்று அடி வந்தான். நான் உட்கார்ந்து இரண்டு கையையும் நீட்டினேன். விரல் இல்லாத அந்த வெள்ளை மூட்டைகளைப் பார்த்து அவன் வீறிட்டு அழுதான். திரும்பித் தவழ்ந்தே அம்மாவிடம் போய்விட்டான். மாசியில் கை ஆறி, பையைக் கழற்றி எரித்த பிறகும் அவன் என்னிடம் வரவில்லை. அவனுக்கும் இப்போது எழுபது ஆகிறது. பஸ் ஏறும்போது என் தோளைப் பிடித்துக்கொள்வான், கையைப் பிடிக்க மாட்டான். காரணம் அவனுக்கே தெரியாது.

பங்குனிப் புழு நல்ல காய்ந்த தழை தின்று நன்றாகக் கூடு கட்டியது. ஊரே வந்து பார்த்துவிட்டுச் சொன்னது: "பாத்தியா, அந்தப் புள்ள கை படல, வெள்ளாம வந்துருச்சு." அதற்குப் பிறகு கல்யாணம் ஆகிப் போகும் வரை நான் புழு அறைக்குள் போகவில்லை. ஊரில் எந்தக் கல்யாண வீட்டிலும் ஆரத்தித் தட்டைக் கூட என்னிடம் தராமல் வேறு பெண்தான் எடுத்தாள். அம்மாவுக்கு அந்த ஈரம் பற்றிக் கடைசி வரை தெரியுமா தெரியாதா என்று எனக்குத் தெரியாது. அவர் மறுபடி அந்தக் கேள்வியைக் கேட்டு நான் கேட்கவில்லை.

அப்பா கெட்டவர் என்று நான் சொன்னால் அது பொய். அடித்ததில்லை, குடித்ததில்லை. ஒரே ஒரு நாள் சந்தையில் மாடு பார்க்க ஆசைப்பட்டார். அதை ஊருக்கு முன்னால் ஒப்புக்கொள்ள அவரால் முடியவில்லை, பக்கத்தில் என் கை இருந்தது. இவ்வளவும் எனக்கு விளங்குகிறது. விளங்கினாலும் ஆறவில்லை.

அம்மா போன பிறகு அவரை ஓசூருக்கு என் வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டேன். கடைசி வருஷம் வாதம் வந்து பேச்சு போய்விட்டது. களியைக் கரைத்து நான்தான் ஊட்டுவேன். ஒரு மார்கழி. என் கை வழக்கம்போல உரிந்திருந்தது. ஒரு வாய் ஊட்டினதும் அவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். இன்னொரு கை விரலால் மணிக்கட்டைச் சுற்றிச் சுற்றித் தேடினார். நகத்தால் பிராண்டினார், இழுத்தார், மறுபடியும் தேடினார். வளையலைக் கழற்றச் சொல்கிறாரோ என்று கழற்றினேன். அப்போதும் விடவில்லை. அந்தப் பை நாடாவின் நுனியைத் தேடுகிறார் என்று எனக்குப் புரிய வெகுநேரம் ஆயிற்று.

அதற்குப் பிறகு பன்னிரண்டு நாள் உயிரோடு இருந்தார். ஒவ்வொரு வேளையும் அப்படியே தேடினார், கண்ணில் நீர் வழியத் தேடினார். அது எப்போதோ அவிழ்ந்துவிட்டது அப்பா என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எனக்குப் பேச்சு இருந்தது. கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், சொல்லவில்லை.